நாலு பேர் பிடிக்க வேண்டிய தாள்

ஆர்டித் போஸ்ட்மாவுக்கு அறுபத்தொரு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தேழு வருஷம். குளிர்காலத்தில் காலை ஐந்து மணிக்கு அவள் வேலைக்குக் கிளம்பும்போது, மிச்சிகன் ஏரிக் காற்றில் அவளுடைய சின்னக் கார் ஐஸ் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கும். கதவு திறக்காது. பதினைந்து நிமிஷம் கண்ணாடியைச் சுரண்டினால்தான் ரோடு தெரியும். காரை விடுவதற்கென்றே கட்டிய ஷெட் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அதற்குள் ஹீட்டர் போட்ட கதகதப்பில், முப்பது வருஷத்துப் பழைய ஸ்டேஷன் வேகன் ஒன்று பதினெட்டு அடி நீளத்துக்குக் காலை நீட்டிப் படுத்திருந்தது. அது ஓடாது. ஆனாலும் அதற்குக் குளிரக் கூடாது.

"எஜமானியம்மா தூங்குங்க. வேலைக்காரி போயிட்டு வரேன்" என்று ஷெட்டுக் கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஆர்டித் சுரண்ட ஆரம்பிப்பாள்.

படுக்கையறை ஜன்னல் ஒரு விரல்கடை திறக்கும். புருஷன் கெரிட் எட்டிப் பார்ப்பார். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு, அதனால் ஆரம்பத்திலிருந்தே நீ, நான்தான்.

"நான் வேணா வந்து சுரண்டட்டுமா, ஆர்டித்?"

"வேண்டாம், நீ படு. எனக்கு ஒண்ணும் சிரமமில்லை."

ஜன்னல் மூடிக்கொள்ளும். அவர் நிஜமாகவே படுத்துவிடுவார். இதய ஆபரேஷன் ஆன மனுஷன், அவர் வெளியே வரக்கூடாதுதான். இருந்தாலும் வேண்டாம் என்றதும் இப்படிச் சட்டென்று மூடிக்கொள்ள வேண்டுமா என்று அவளுக்கு ஒவ்வொரு நாளும் தோன்றும்.

எப்போதோ கடல் கடந்து வந்து ஏரிக்கரையில் குடியேறிய டச்சு வம்சத்தாரான நாங்கள் எல்லோருமே இந்தக் கோளாறோடு பிறந்தவர்கள். ஒரு வீட்டுக்குப் போனால் காப்பி வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்போம். மறுபடி கேட்பார்கள். ஐயோ, சிரமப்படாதீங்க என்போம். மூன்றாவது தடவை கேட்டால், சரி, அரைக் கப் என்போம். அப்புறம் மூன்று கப் குடிப்போம். முதல் வேண்டாமோடு கேட்பதை நிறுத்திவிடுகிற வீட்டிலிருந்து வறண்ட தொண்டையோடு திரும்பி வந்து, ஒரு வருஷத்துக்கு அந்த வீட்டாரைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருப்போம். ஆனால் வேண்டும் என்று மட்டும் வாய் திறந்து சொல்ல மாட்டோம். ஆர்டித் இதில் எங்கள் எல்லோரையும் விட ஒரு படி மேல். பசித்தாலும் சொல்ல மாட்டாள், வலித்தாலும் சொல்ல மாட்டாள்.

அந்தக் குணம் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் ஒருவரோடொருவர் பேசாதபடி செய்துவிட்டது. இது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஒரு ஜனவரியில் கெரிட்டுக்கு நெஞ்சில் ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். முந்தின நாள் மகன் கர்ட், ஆறு மணி நேரத் தொலைவில் இருக்கும் சின்சினாட்டியிலிருந்து போன் செய்தான்.

"அம்மா, நான் கிளம்பி வரட்டுமா?"

"ஐயோ, எதுக்குடா? இங்க ஒரே பனி. ரோடெல்லாம் மோசம். உனக்கு வேலை வேற. இது ஒண்ணும் பெரிசில்லை, டாக்டருக்கு இது தினமும் பண்ற வேலை. நீ சிரமப்படாதே."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

போனை வைத்துவிட்டு ஆர்டித் மாடிக்குப் போனாள். கர்ட்டின் பழைய அறையில் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாள். தலையணை உறை மாற்றினாள். குளியலறையில் துண்டு வைத்தாள். வேண்டாம் என்று சொன்ன கையோடு இவ்வளவும் செய்தாள்.

அவன் வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஆர்டித்தும் மகள் கார்லாவும் பதினோரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஏதோ ரத்தம் நிற்கவில்லை என்று நெஞ்சை மறுபடியும் திறந்தார்கள். கார்லாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வராந்தாவில் நின்றபடியே தம்பிக்குப் போன் போட்டாள்.

"அப்பாவை ரெண்டாவது தடவை அறுத்துக்கிட்டிருக்காங்க. நீ அங்க சௌகரியமா உக்காந்திருக்கே. செத்துப்போனா பூவாவது அனுப்புவியா, இல்ல அதுவும் சிரமமா?"

மூன்றடி தள்ளி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஆர்டித் உட்கார்ந்திருந்தாள். நான்தான் அவனை வரவேண்டாம் என்றேன் என்று சொன்னால் முடிந்தது. வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அந்தப் பக்கம் கர்ட்டும் அதைச் சொல்லவில்லை, திட்டை வாங்கிக்கொண்டு போனை வைத்துவிட்டான். கெரிட் பிழைத்து வந்தார். அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் ஒரு வார்த்தை பேசவில்லை. கிறிஸ்துமஸ் வந்தால் ஒருவர் மத்தியானம் வருவார், மற்றவர் மறுநாள் வருவார். யாரும் படுக்காத அந்த விரிப்பை ஆர்டித் ஒரு வாரம் கழித்து எடுத்துத் துவைத்துப் போட்டாள்.

அந்த வருஷம் அக்டோபரில்தான் வேகன் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு கெரிட் ஜன்னலோரம் உட்கார்ந்து இலவச விளம்பரப் பத்திரிகையைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் துள்ளி எழுந்தார்.

"ஆர்டித், இங்க பாரு. நம்ம வேகன்!"

பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது வைத்திருந்து விற்றுவிட்ட அதே மாடல். அதே பச்சை. இரண்டு பக்கமும் மரப்பலகை அடித்த மாதிரி அதே அலங்காரம். மரம் என்று பேர்தானே தவிர, மரவரி அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்தான் அது.

"உன் இஷ்டம்" என்றாள் ஆர்டித். அவள் அகராதியில் அதற்குக் கூடவே கூடாது என்று அர்த்தம். கெரிட் அகராதி பார்க்கிறவரில்லை.

கார்லா ஓட்ட, மூவரும் வடக்கே ஒரு பண்ணைக்குப் போனார்கள். பண்ணைக்காரரும் கெரிட்டும் முதலில் மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு சோளத்தைப் பற்றி. பிறகு மறுபடியும் மழை. முக்கால் மணி நேரம் கழித்து, ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி, "அந்த வண்டியைப் பாக்கணும்னீங்களே" என்றார் பண்ணைக்காரர். "இங்கேருந்து இதைக் கிளப்பிட்டுப் போனா என் பெண்டாட்டி உங்களுக்கு முத்தமே குடுப்பா."

பார்த்தால் வயிறு எரியும். பனி உருக ரோட்டில் போடுகிற உப்பு தின்று தின்று தரை ஓட்டையாகிப் புல் தெரிந்தது. பின்னால் வருகிற வண்டிகளைப் பார்த்தபடி உட்காருகிற கடைசி சீட்டில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. ஆர்டித் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வேண்டாம் என்று இந்த ஒரு தடவை நிஜமாகவே சொல்லிவிடுவதென்று முடிவு செய்தாள். அப்போது கார்லா, நல்ல கோட்டோடு, எலிப்புழுக்கையை ஒதுக்கிவிட்டு அந்தக் கடைசி சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நாற்பது வயதுப் பெண்மணி, முழங்கால் மூக்கில் இடிக்க உட்கார்ந்துகொண்டு சிரித்தாள்.

"நான் எப்பவும் இந்தப் பக்கம். அந்தப் பக்கம்..."

சொல்ல வந்ததை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கிக் கோட்டைத் தட்டிக்கொண்டாள். ஒன்பது மாதத்தில் தம்பி பெயருக்கு அவ்வளவு பக்கத்தில் அவள் வந்தது அன்றைக்குத்தான்.

"எடுத்துக்கலாம், கெரிட்" என்றாள் ஆர்டித்.

கெரிட்டே ஆச்சரியப்பட்டுவிட்டார். வண்டி ஓடுகிற அன்றைக்கு அந்தச் சீட்டில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு குளிர்காலம் அந்த வேகன் அவர்கள் உயிரை வாங்கியது. கெரிட் கனமாக எதையும் தூக்கக் கூடாது, கையை மேலே உயர்த்தினால் நெஞ்சு இழுக்கும். அதனால் ஸ்டூலில் உட்கார்ந்து அதிகாரம் செய்தார். கார்லா பல் டாக்டரிடம் பல் சுத்தம் செய்கிற வேலை பார்ப்பவள். தேய்ந்துபோன பல் கொக்கிகளைக் கொண்டுவந்து கதவிடுக்குத் துருவைச் சுரண்டினாள். "வாயைப் பெரிசாத் திற. எத்தனை வருஷமா பல்லு வெளக்கலை?" என்று கதவைத் திட்டுவாள். ஆர்டித் சீட்டு உறை தைத்தாள். ஐந்து நாள் ஐந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, ஆறாவது நாள் கெட்டியான ரெக்சினை ஊசியில் ஏற்றினால் விரல் மரத்துப்போகும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் யாரும் வேலை செய்வதில்லை, புல்கூட வெட்ட மாட்டோம். சர்ச் முடிந்து வந்து கெரிட் வாயில் பெப்பர்மின்ட்டோடும் முதுகுக்குப் பின்னால் கட்டிய கைகளோடும் ஷெட்டில் நிற்பார். "பாக்கறது வேலை இல்லையே" என்பார்.

நடு நடுவே சின்சினாட்டியிலிருந்து பார்சல் வரும். பின்விளக்குக் கண்ணாடி, ஜன்னலை ஏற்றி இறக்குகிற மோட்டார், எங்கும் கிடைக்காத ஒரு கைப்பிடி. கெரிட் போனில் சும்மா புலம்புவதைக் கேட்டு, கர்ட் எங்கெங்கோ தேடி அனுப்பிக்கொண்டிருந்தான். கார்லா பார்சலைத் தலைகீழாக வைத்து, அனுப்பியவன் பெயர் கண்ணில் படாமல் கத்தியால் கிழிப்பாள். ஆனால் உள்ளே இருந்ததை மட்டும் பத்திரமாகத் துடைத்து மாட்டுவாள்.

மூன்றாவது வருஷம் ஏப்ரலில் நீளமான அட்டைக் குழாய் ஒன்று வந்தது. மரத்தாள். இப்போது யாரும் அச்சிடாத வகை. மூடிக் கிடந்த ஏதோ பட்டறையின் பரணில் கண்டுபிடித்திருக்கிறான். வண்டி முழுவதற்கும் வெட்டி வைத்த துண்டுகள், கூடவே பின்பக்கத்து நீளத் துண்டுக்காக மட்டும் வெட்டாத தாள் ஒன்று உபரி. குழாய்க்குள் ஒரு சீட்டு இருந்தது. 'பின்பக்கத்து நீளத் துண்டுக்கு நாலு பேர் வேணும். மூணு பேரால முடியாது.' கர்ட்டின் கையெழுத்து. ஆர்டித் அதை மடித்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

அவள் பெற்ற பிள்ளை, அவளைப் போலத்தான் கேட்பான். அது அவளுக்குப் புரியாமலா இருக்கும்? சாயங்காலம் போன் செய்தாள்.

"தாள் வந்துதும்மா?"

"வந்தது. நல்லா இருக்கு."

"நான் வேணா ஒரு சனிக்கிழமை..."

"வேண்டாம்டா. போக வர பன்னிரண்டு மணி நேரம் ஓட்டணும். நாங்க மூணு பேரும் பாத்துக்குவோம்."

"சரிம்மா."

போனை வைத்த பிறகு அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஏன் அப்படிச் சொன்னாள்? பழக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய். பயம். அவன் வந்தால் கார்லா எதிரில் நிற்பாள். பழைய பேச்சு வரும். பேச்சு வந்தால் ஆஸ்பத்திரி வராந்தா வரும். வராந்தாவில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தவளும் வருவாள்.

மே மாதம் வெயில் வந்ததும் ஒட்ட ஆரம்பித்தார்கள். இரும்பு கதகதப்பாக இருந்தால்தான் தாள் பிடிக்கும். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற சோப்பு நாலு சொட்டும் போட்டு வண்டி மேல் அடிக்க வேண்டும். தாளின் முதுகுக் காகிதத்தை உரித்து, பசைப்பக்கம் எதிலும் படாமல் விறைப்பாகத் தூக்கிப் பிடித்து, மெல்லச் சாய்க்க வேண்டும். சோப்பு ஈரம் இருக்கும்வரை நகரும். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் தகட்டால் தண்ணீரைத் தள்ள வேண்டும். தள்ளி முடிக்கிற இருபது நிமிஷமும் மூலைகளைப் பிடித்தவர்கள் கையை எடுக்கக் கூடாது.

கதவுத் துண்டுகள் சின்னவை, சிரமமில்லாமல் ஒட்டிக்கொண்டன. நீளத் துண்டுக்கு மேல் மூலைகளில் ஒன்றைக் கார்லாவும் இன்னொன்றை ஆர்டித்தும் பிடித்தார்கள். கீழ்ப்பக்கத்தைப் பிடிக்க ஆளில்லை. கெரிட் தகடோடு குனிந்தார். ஏரிக் காற்று ஒரு தடவை உள்ளே வந்தது. தாளின் கீழ்ப்பாதி மேலே எழும்பி, பசையோடு பசை ஒட்டிக்கொண்டது. பிரிக்கப் பார்த்தார்கள். கிழிந்தது.

கெரிட் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். தையல் போட்ட இடத்தில் கையை வைத்துக்கொண்டு ஷெட்டுத் தரையைப் பார்த்தார். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் வேகனோடு வருவதாகச் சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

"இன்னும் உபரி ஒண்ணு இருக்குப்பா" என்றாள் கார்லா. "ஆனா இனிமே ஒண்ணு கெட்டாலும் முடிஞ்சுது. இன்னொரு ஆள் வேணும்."

"பக்கத்து வீட்டுக்காரரைக் கேக்கலாமா?" என்றார் கெரிட்.

"ஆளை நான் பாத்துக்கறேன்" என்றாள் ஆர்டித்.

செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாடு போட்டு முடித்து, தட்டுகளெல்லாம் கழுவ ஏற்றிய பிறகு, பள்ளிக்கூடச் சமையலறைச் சுவரிலிருந்த போனை எடுத்தாள். கால் இரண்டும் கெஞ்சின. ஏப்ரன் பையில் சீட்டு இருந்தது.

"கர்ட், அம்மா பேசறேன். அங்க மழையா?"

"இல்லம்மா. என்ன இந்த நேரத்துல? யாராவது செத்துட்டாங்களா?"

"யாரும் சாகலை. இங்க நேத்து மழை. காத்து வேற."

"சரி..."

"அந்த நீளத் துண்டு ஒண்ணு கிழிஞ்சுபோச்சு."

"ஐயையோ."

"அது பரவா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். பரவாயில்லை என்று சொல்ல வாய் தானாகவே குவிந்துவிட்டது. "கர்ட், நீ வா."

"என்னது?"

"சனிக்கிழமை வா. நீ எனக்கு வேணும்."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெல்லக் கேட்டான். "அம்மா, உனக்கு உடம்பு ஏதாவது பண்ணுதா? டாக்டர்கிட்ட போனியா? என்கிட்ட மறைக்காதே."

ஆர்டித்துக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் முட்டியது. பெற்ற பிள்ளையை வா என்று கூப்பிட்டால், அம்மா சாகக் கிடக்கிறாள் என்று நினைக்கிறான். இத்தனை வருஷமாக எப்படி வளர்த்து வைத்திருக்கிறாள்!

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வருவியா, மாட்டியா?"

"வரேம்மா" என்றான்.

சனிக்கிழமை காலை கார்லா வந்தபோது வாசலில் சின்சினாட்டி இருக்கிற ஒஹாயோ மாநில நம்பர் பிளேட்டோடு ஒரு கார் நின்றது. அவள் முகம் போன போக்கை ஆர்டித் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நீ சொல்லவே இல்லையேம்மா."

"சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டே."

"வந்திருக்க மாட்டேன்தான்."

"கார்லா!" என்று ஷெட்டிலிருந்து கெரிட் கத்தினார். "சோப்புத் தண்ணி கலந்தாச்சு. சண்டையை அப்புறம் வெச்சுக்கங்க. வெயில் ஏறிட்டா தாள் இழுத்துக்கும்!"

கார்லா பையைக் கொக்கியில் மாட்டினாள். கர்ட் ஷெட்டுக்குள் நின்றிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. "ஹாய்" என்றான். அவள் ஸ்ப்ரே பாட்டிலை எடுத்துக் குலுக்கினாள்.

இடது பக்கத்துக்கு உபரித் தாளை வெட்டி ஒட்டினார்கள். மேல் மூலைகளில் ஆளுக்கொரு பக்கம் கார்லாவும் கர்ட்டும். கீழ்ப்பக்கத்து இரண்டு மூலைகளையும் பிடித்துக்கொண்டு, உயரம் குறைந்த ஸ்டூலில் ஆர்டித். நடுவில் தகடோடு கெரிட்.

"அம்மா, அந்தப் பக்கத்து ஆளைக் கொஞ்சம் மேலே தூக்கச் சொல்லு" என்றாள் கார்லா.

"அந்தப் பக்கத்து ஆளுக்குக் காது கேக்குது" என்றான் கர்ட்.

"அம்மா, காது கேக்கறவங்க எல்லாரும் கூப்பிட்டா வந்துடறாங்களான்னு கேளு."

கர்ட் தாளை மேலே தூக்கினான். இடது பக்கம் ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியது. கெரிட் தள்ளி நின்று பார்த்து, "அட, நிஜ மரம் தோத்துப்போகும்" என்றார். ஆளுக்கொரு ஹாம் வைத்த பன்னைக் கொடுத்தாள் ஆர்டித். கர்ட் ஷெட்டு வாசலில் நின்று தின்றான். கார்லா ஷெட்டின் அடுத்த கோடிக்குப் போய் நின்று தின்றாள். வேலை முடிந்த நிமிஷம் ஒருத்தி வலப்பக்கமும் ஒருவன் இடப்பக்கமும் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஆர்டித்துக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு துண்டுதான் இருந்தது. நாலு பேரும் ஓடிப்போக முடியாமல் நிற்கப்போகிற இருபது நிமிஷம்.

வலது பக்கம். கெரிட் முதுகுக் காகிதத்தை உரித்தார். மூவரும் பிடித்தார்கள். தாள் மெல்லச் சாய்ந்து ஈரத்தின்மேல் உட்கார்ந்தது. ரப்பர் தகடு நடுவிலிருந்து நகர ஆரம்பித்தது. ஸ்டூலில் ஆர்டித்தின் முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளைகள் இரண்டு பேரும் கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

"யாரும் கையை விடாதீங்க" என்றாள். "நான் ஒண்ணு சொல்லணும்."

"இப்பவா?" என்றார் கெரிட்.

"இப்பத்தான். கார்லா, ஆபரேஷனுக்கு முந்தின நாள் கர்ட் போன் பண்ணினான். வரட்டுமான்னு கேட்டான். நான்தான் வேண்டாம்னேன். நிச்சயமான்னு கேட்டான். நிச்சயமான்னு சொன்னேன்."

தகடு நின்றது. சோப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

"அன்னிக்கு நான் கண்ணு முழிச்சதும் அவனைத்தான் கேட்டேன்" என்றார் கெரிட், தாளைப் பார்த்தபடியே. "அவனுக்கு வேலைன்னு சொன்னே."

"சொன்னேன்."

கெரிட் மறுபடியும் தகட்டை நகர்த்தினார், முன்னைவிட மெதுவாக.

"ரெண்டரை வருஷம்மா!" கார்லாவின் குரல் கிறீச்சிட்டது. "அவனைக் கரிச்சுக் கொட்டினேனே. வராந்தாவில நின்னு என்னென்ன சொன்னேன். நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தியே!"

"கேட்டேன்."

"ஏம்மா?"

"நீ அவன்மேல கோவமா இருந்தவரைக்கும் என்மேல கோவப்படலை. நீதானே தினம் வந்தே. நீயும் வராம போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

கார்லா குனிந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் பிடித்திருந்த மூலையில் ஒரு சுருக்கம் விழுந்தது.

"மூலையை இறுக்கிப் பிடிம்மா, கார்லா" என்றார் கெரிட். திட்டுகிற குரலில் இல்லை.

"அம்மாமேல மட்டும் தப்பில்லை" என்றான் கர்ட். "இந்த வீட்ல வேண்டாம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷம் இங்கதானே வளர்ந்தேன். அந்தப் பனியில ஓட்டறதுக்குப் பயமா இருந்தது. அப்பாவை அப்படிப் பாக்கறதுக்கும் பயமா இருந்தது. அம்மா வேண்டாம்னதும் அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். நீ திட்டினப்போ சொல்றதுக்கு வாயே வரலை."

கார்லா அழுதாள். மூக்கு ஒழுகியது. துடைக்க முடியாது, இரண்டு கையும் தாளில். உதட்டைக் கடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி தோளில் மூக்கைத் தேய்க்கப் பார்த்தாள். யாராலும் கிட்டே போக முடியவில்லை. தகடு மட்டும் ஓரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்த இருபது நிமிஷத்தைப் போல நீளமான ஒரு ஆராதனையை எங்கள் சர்ச்சில்கூடப் பார்த்ததில்லை என்று கெரிட் பிற்பாடு சொன்னார்.

"முடிஞ்சுது" என்றார் கடைசியில். "விடலாம்."

வலது பக்கப் பின்மூலையில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சுருக்கம் நின்றுவிட்டது. ஹேர் டிரையர் காட்டியும் போகவில்லை. கார்லா முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொக்கியிலிருந்து பையை எடுத்து, நேரே தன் காருக்கு நடந்தாள்.

ஸ்டூலிலிருந்து எழவே ஆர்டித்துக்குக் கர்ட்டின் கை வேண்டியிருந்தது. பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் விடவில்லை. "நீ உள்ள போ. மாடியில உன் கட்டில் விரிச்சு வெச்சிருக்கேன். ராத்திரி இங்கதான் இருக்கப்போறே" என்றாள். அவன் தலையாட்டினான்.

அவள் ஷெட்டு வாசலைக் கடப்பதற்குள் கார்லாவின் எஞ்சின் உறுமத் தொடங்கிவிட்டது. ஆர்டித் நொண்டிக்கொண்டே போய் ஜன்னலில் தட்டினாள். கண்ணாடி ஒரு விரல்கடை இறங்கியது.

"பட்டாணி சூப் வெச்சிருக்கேன், கார்லா."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா." கார்லா நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சோப்பும் கண்ணீரும். "நான் நல்லாத்தான் இருக்கேன். நீ சிரமப்படாதே. உள்ள போ."

ஆர்டித் அசையாமல் நின்றாள். அறுபத்தொரு வருஷமாகத் தன் வாயிலிருந்து போய்க்கொண்டிருந்த வார்த்தைகள் முதல் தடவையாக வெளியிலிருந்து அவள் காதில் விழுந்தன. அதைக் கேட்டு ஒரு மனுஷி என்ன செய்வாள்? சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள். கெரிட் ஜன்னலை மூடுவார். கர்ட் சின்சினாட்டியிலேயே இருந்துவிடுவான். எல்லோரும் அவள் சொன்னபடிதான் செய்திருக்கிறார்கள்.

காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். கதவைத் திறந்தாள். சீட்டில் கிடந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முழங்காலைக் கையால் தூக்கி உள்ளே போட்டு, உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"இறங்கும்மா. நான் வீட்டுக்குப் போகணும்."

"மாட்டேன்."

"உன்கூடப் பேசற மாதிரி இல்லை நான்."

"பேச வேண்டாம்."

"உன்மேல ரொம்பக் கோவமா இருக்கேன்."

"தெரியும். இரு. நானும் இருக்கேன்."

சோப்புத் தண்ணீர் காய்ந்து ஆர்டித்தின் விரல்கள் சுருங்கிக் கிடந்தன. ஷெட்டு வாசலில் கெரிட்டும் கர்ட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், பச்சை வேகன் ஒரு மூலையில் சுருக்கத்தோடு நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கார்லா ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஆர்டித் அவள் முதுகில் கையை வைக்கவில்லை, பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் கழித்துக் கார்லா கையை நீட்டி, சாவியைத் திருப்பி, எஞ்சினை நிறுத்தினாள்.